பெயர் வாங்கிய வணிகர்: ரே கிராக் சரித்திரம்

பொருள் ஈட்டுதற்குரிய வழிகள் பலவற்றுள் வாணிகமும் ஒன்று. வாணிகம் தொடங்குவோர் முற்காலத்தில் தம் பெயரையே கடையின் முகப்பில் எழுதிவைத்தனர். தம் கைத்திறனையும் நாணயத்தையுமே முதலாகக் கொண்டனர். இக்காலத்திலோ பிறிதொரு வழியும் பெருகியுள்ளது. முன்னரே புகழ்பெற்ற ஒரு நிலையத்தாரின் பெயரையும், அடையாளத்தையும், செய்முறையையும் உடன்படிக்கையின்மேற் பெற்று, தம் சொந்த முதலைச் செலவிட்டுக் கடை நடத்துவதே அது. இதனைப் பிரான்சைஸ் என்பர். நாம் இக்கட்டுரையிற் பெயருரிமை என்று வழங்குவோம். உலகெங்கும் துரித உணவுச்சாலைகள் பல இவ்வழியிலேயே பரவின.

கல்லூரியை விட்டு நீங்கும் இளைஞருட் சிலரும், உத்தியோகத்தினின்று ஓய்வு பெறும் பெரியோருட் சிலரும், கையிலுள்ள சேமிப்பைக்கொண்டு இத்தகைய உணவுச்சாலை ஒன்றைத் திறக்கலாமா, ஆகாதா என்று எண்ணமிடுவதுண்டு. அவ்வெண்ணம் உடையார்க்கு ரே கிராக் என்னும் அமெரிக்கருடைய வாழ்க்கை பெரிதும் பயன் தருவதாகும். அவர் பிறர் பெயரை விற்கும் உரிமையை உடன்படிக்கையின்மேற் பெற்றவர். அப்பெயரைப் பிறர்க்கு உடன்படிக்கையின்மேல் வழங்கியவர். இறுதியில் அப்பெயரையே முழுவதும் விலைக்கு வாங்கியவர். கட்டுண்டவனுடைய வருத்தத்தையும் கட்டியவனுடைய வலிமையையும் ஒருங்கே அறிந்தவராதலின், அவருடைய வரலாறு இவ்வாணிகத்தின் இருபுறத்தையும் நமக்குக் காட்டவல்லது.

பிறப்பும் இளமையும்

ரேமண்ட் ஆல்பர்ட் கிராக் 1902ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 5ஆம் நாள், அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இல்லினாய் மாகாணத்துச் சிக்காகோ நகரை அடுத்த ஓக் பார்க் என்னும் ஊரிற் பிறந்தார். அவர் முன்னோர் பொஹீமியா நாட்டினின்று குடியேறியவர். தந்தையார் தந்தி நிலையம் ஒன்றிற் பணிபுரிந்தார். அன்னையார் இல்லத்திலிருந்தே பிள்ளைகட்குப் பியானோ கற்பித்துக் குடும்ப வருவாய்க்குத் துணைசெய்தார். அன்னையாரிடம் பயின்ற அவ்விசை பின்னாளில் வறுமை வந்துற்றபொழுது மகனாருக்குச் சோறிட்டது.

கிராக்கிற்குப் பள்ளிப் படிப்பில் மனம் ஒன்றவில்லை. பள்ளியிற் பயிலுங் காலத்திலேயே நண்பர் இருவருடன் கூடி ஆளுக்கு 100 டாலர் இட்டு, இசைக்குறிப்புத் தாள்களும் சிறு இசைக்கருவிகளும் விற்கும் கடை ஒன்றைத் திறந்தார். அக்கடை சில மாதங்களிலேயே மூடப்பட்டது. முதல் உலகப் போர் நிகழ்ந்தபொழுது, 15 வயதே நிரம்பிய அவர், தம் வயதைக் கூட்டிச் சொல்லிச் செஞ்சிலுவைச் சங்கத்தின் ஆம்புலன்ஸ் வண்டியோட்டும் படையிற் சேர்ந்தார். அவர் கப்பலேறுமுன் போர் முடிவுற்றமையின் வீடு திரும்பினார்.

1922ஆம் ஆண்டில் எத்தல் பிளெமிங் என்னும் மங்கையை மணந்து, லில்லி என்னும் பெயர்கொண்ட காகிதக் குவளைகளை விற்கும் வேலையில் அமர்ந்தார். பகலிற் குவளை விற்பார். மாலையில் வானொலி நிலையத்திற் பியானோ வாசிப்பார். காகிதக் குவளை அந்நாளிற் புதுமை. கண்ணாடிக் குவளையைக் கழுவிக் கழுவிப் பழகிய கடைக்காரர் அதனை வீண் செலவென்றே கருதினர். கிராக் அவர்களை அடுத்து, கழுவும் ஆளுக்குக் கொடுக்குங் கூலி, உடையுங் குவளைகளின் விலை, பானத்தைக் கையிற் கொண்டு வெளியே செல்வோரால் வரும் மிகுதி விற்பனை ஆகியவற்றைக் கணக்கிட்டுக் காட்டுவார். வாங்குவோர் இலாபம் அடைந்தாலன்றித் தம் சரக்கு நில்லாது என்னும் உண்மையை அவர் அறிந்தது இத்தொழிலிலேயாம்.

இடையில், புளோரிடா மாகாணத்தில் நிலத்தின் விலை நாடோறும் ஏறுகின்றதென்று கேள்வியுற்று அங்குச் சென்று நில விற்பனையில் ஈடுபட்டார். ஏற்றம் திடீரென வீழ்ந்தது. இரவு விடுதியிற் பியானோ வாசித்துக் குடும்பத்தைக் காத்து, பொருளின்றிச் சிக்காகோவிற்கு மீண்டார். அவர் தந்தையாருடைய விதியும் அத்தகையதே. நிலம் வாங்கியும் விற்றும் அவர் ஈட்டிய செல்வம் 1929ஆம் ஆண்டில் நேர்ந்த பெருஞ் சரிவில் அழிந்தது. மறு ஆண்டில் அவரும் இறந்தார். நிலத்தால் தந்தையும் மகனும் இங்ஙனம் கெட்டமையை நேயர்கள் நினைவிற் கொள்வார்களாக. பின்னர் அந்நிலத்தாலேயே மகன் உயர்ந்த வரலாற்றைக் கூறப்போகின்றோம்.

ஒரே வேளையில் ஐந்து குவளை மில்க் ஷேக் கலக்கவல்ல மல்டிமிக்சர் என்னும் இயந்திரத்தை 1930களின் இறுதியிற் கிராக் கண்டார். 16 ஆண்டுகளாகப் பார்த்துவந்த குவளை வேலையை விடுத்து, அவ்வியந்திரத்தை விற்றற்குத் தனி நிலையம் அமைத்தார். ஆயினும் அவரை விடுவித்த குவளை நிலையத்தார், புதிய நிலையத்தில் நூற்றுக்கு 60 பங்கைத் தமக்கென எழுதி வாங்கிக்கொண்டே விடுவித்தனர். உழைப்பு ஒருவருடையதாகவும் அதிகாரம் மற்றொருவருடையதாகவும் இருக்கும் நிலைமையின் கசப்பை அவர் அப்பொழுது உணர்ந்தார். பெருங்கடன் பட்டு அப்பங்கை மீட்ட பின்னரே அவர் மனம் ஆறியது.

சான் பெர்னார்டினோவிற் கண்ட காட்சி

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர்ச் சில ஆண்டுகள் மல்டிமிக்சர் நன்கு விலைபோயிற்று. 1950களின் தொடக்கத்தில் நிலைமை மாறியது. சோடாவும் ஐஸ்கிரீமும் விற்ற பழைய தெருமுனைக் கடைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. போட்டி இயந்திரங்களும் தோன்றின. அவ்வேளையில், கலிபோர்னியா மாகாணத்துச் சான் பெர்னார்டினோ என்னும் ஊரிலுள்ள சிறு உணவுச்சாலை ஒன்று மட்டும் எட்டு மல்டிமிக்சர்களை வாங்கி ஓட்டுகின்றது என்று அவருக்குத் தெரியவந்தது. ஒரே வேளையில் நாற்பது மில்க் ஷேக் விற்கும் கடை எத்தகையதாக இருக்கக்கூடும் என்று வியந்து, 1954ஆம் ஆண்டில் அவர் நேரிற் சென்றார்.

அக்கடையை நடத்தினோர் மாரிஸ் மெக்டொனால்ட், ரிச்சர்டு மெக்டொனால்ட் என்னும் உடன்பிறந்தார் இருவர். நியூ ஹாம்ஷயர் மாகாணத்தினின்று பிழைப்பு நாடி மேற்கே வந்த அவர்கள், 1940ஆம் ஆண்டில் அவ்வூரிற் கடை திறந்தனர். மோட்டார் வண்டியில் வருவோர்க்குப் பணிப்பெண்கள் வண்டியண்டையே உணவு கொண்டுசென்று கொடுக்கும் வழக்கம் அங்கும் இருந்தது. வருவாய் நன்றாகவே வந்தது. ஆயினும் 1948ஆம் ஆண்டில் அவர்கள் நன்றாய் ஓடிய அக்கடையைத் தாமே மூன்று மாதங்கள் மூடிவைத்து எல்லாவற்றையும் மாற்றினர். பணிப்பெண்களை நீக்கினர், தட்டும் கரண்டியும் ஒழித்துக் காகிதத்தைக் கொண்டனர், 25 வகைப் பண்டங்களை 9 ஆகக் குறைத்தனர், ஹாம்பர்கரின் விலையை 30 சென்டிலிருந்து 15 சென்டாக இறக்கினர். ஒருவர் இறைச்சியை வாட்ட, ஒருவர் ரொட்டியை அடுக்க, ஒருவர் உருளைக்கிழங்கை வறுக்க, ஒருவர் பொதிந்து கொடுக்க, தொழிற்சாலையிற் போல வேலை பகுக்கப்பட்டது. புதிய சமையலறையின் அமைப்பைத் தம் வீட்டு டென்னிஸ் ஆடுகளத்திற் சுண்ணக்கட்டியால் வரைந்து, ஆட்களை அதன்மேல் நடக்கச்செய்து, எங்கே எது இருத்தல் வேண்டும் என ஆய்ந்தனர். கடையின் இருபுறத்தும் மஞ்சள்நிற வளைவுகளை நிறுத்தும் எண்ணமும் ரிச்சர்டு மெக்டொனால்டினுடையதே.

கிராக் வெயிலில் நின்று அனைத்தையும் நோக்கினார். வரிசை நீண்டிருந்தும் எவரும் நெடுநேரம் காத்திருக்கவில்லை. இடம் தூய்மையாக இருந்தது. தொழிலாளிகளும் குடும்பத்தோரும் ஒருங்கே வந்தனர். உடன்பிறந்தார் தம் பெயருரிமையை ஏற்கெனவே சிலர்க்குக் கொடுத்திருந்தனர். ஆயினும் பணம் பெற்றதோடு சரி. பெற்றவர் எங்ஙனம் நடத்துகின்றார் என்று போய்ப் பார்த்தாரிலர். ஊர் ஊராய்த் திரிந்து மேற்பார்வை செய்ய அவர்கட்கு விருப்பமும் இல்லை. இருந்த வருவாயே தமக்குப் போதும் என்றிருந்தனர். பெயருரிமையை நாடெங்கும் விற்றற்கு ஒரு முகவரைத் தேடிக்கொண்டிருந்தனர். அம்முகவர் தாமே ஆவதென்று கிராக் துணிந்தார்.

துணிந்ததும் கட்டுண்டதும்

அப்பொழுது அவருக்கு வயது 52. நீரிழிவும் மூட்டுவாதமும் அவரைப் பற்றியிருந்தன. பித்தப்பையும் தைராய்டு கோளத்தின் பெரும்பகுதியும் அறுவையால் நீக்கப்பட்டிருந்தன. புதிய துணிவை மனைவியார் சிறிதும் விரும்பவில்லை. வீட்டை ஈடுவைத்துக் கடன்பட வேண்டியிருந்தது. கண்ட முறையை அப்படியே பின்பற்றித் தம் பெயரிலேயே ஒரு கடை திறந்திருக்கலாமே என்று நேயர்கள் வினவக்கூடும். உடன்பிறந்தார் எவர்க்கும் எதனையும் ஒளித்தாரிலராதலின், அங்ஙனம் பார்த்துச் சென்று கடை திறந்தவர் பலர். கிராக் அவ்வழிச் செல்லாமைக்குக் காரணம் இரண்டு. பல ஆண்டு ஆராய்ச்சியாற் பிழை நீங்கிய முறை முழுவதையும் பெறுதல் ஒன்று. மெக்டொனால்ட் என்னும் பெயர் கேட்போர்க்கு இனிதாக ஒலிக்கும் என்பது மற்றொன்று. கிராக் என்னும் தம் பெயரை எழுதிய கடைக்கு அவ்வினிமை இராது என்று அவர் அறிந்திருந்தார்.

உடன்படிக்கை எழுதப்பட்டது. பெயருரிமை பெறுவோர் தொடக்கத்தில் 950 டாலரும், பின்னர் விற்பனையில் நூற்றுக்கு 1.9 பங்கும் செலுத்துதல் வேண்டும். அந்த 1.9இல் 0.5 உடன்பிறந்தார்க்கு உரியது, 1.4 கிராக்கிற்கு உரியது. நூறு டாலருக்கு விற்றால் அவர் கைக்கு வருவது 1 டாலர் 40 சென்ட். கடை தேடல், கணக்குப் பார்த்தல், மேற்பார்வை செய்தல் ஆகிய செலவெல்லாம் அதனுள்ளேயே அடங்கவேண்டும்.

இதனினும் கொடிய முள் ஒன்று அவ்வுடன்படிக்கையில் இருந்தது. கட்டடத்திலோ செய்முறையிலோ சிறு மாற்றம் செய்யினும், உடன்பிறந்தாருடைய ஒப்புதலைப் பதிவுத் தபாலில் எழுத்து மூலமாகப் பெறுதல் வேண்டும். கலிபோர்னியா வெப்ப நாடு; சிக்காகோவோ பனி பெய்யும் நாடு. கட்டடத்தை வெப்பமூட்டும் கருவிக்கு நிலவறை இன்றியமையாதது. உடன்பிறந்தார் தொலைபேசியிற் சரி என்றனர், எழுதிக் கொடுத்தாரிலர். இதனாற் கிராக் முதற் கடையைக் கட்டும்பொழுதே உடன்படிக்கையை மீறியவராயினார். அன்றியும், அவர் கடை திறக்கக் கருதிய குக் கவுண்டிப் பகுதியின் உரிமையை உடன்பிறந்தார் முன்னரே வேறொரு நிலையத்தார்க்கு 5,000 டாலருக்கு விற்றிருந்தனர். இது கிராக்கிற்குப் பின்னரே தெரிந்தது. அவ்வுரிமையை மீட்க அவர் 25,000 டாலர் கொடுக்க நேர்ந்தது. பெயரில் மயங்கித் தாளைக் கூர்ந்து நோக்காதவன் படும் துன்பத்தை அவர் தொடக்கத்திலேயே பட்டார்.

முதற் கடை

1955ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 15ஆம் நாள், சிக்காகோவை அடுத்த டெஸ் பிளெயின்ஸ் என்னும் ஊரில் அவர் தம் முதற் கடையைத் திறந்தார். முதல் நாள் விற்பனை 366 டாலர் 12 சென்ட். விடியலில் வந்து கடையைப் பார்த்து, இரயிலேறி நகரத்து அலுவலகம் சென்று, மாலையில் மீண்டு வந்து, வழியிற் கிடக்கும் காகிதங்களைத் தம் கையாற் பொறுக்குவார்.

உருளைக்கிழங்கு வறுவல் அவரை மிகவும் வருத்தியது. சான் பெர்னார்டினோவிற் செய்தவாறே செய்தும் சுவை வரவில்லை. பல நாள் ஆராய்ந்தபின் காரணம் புலனாயிற்று. அங்கே கிழங்குகள் கம்பி வலையிட்ட தொட்டிகளிற் பாலைக்காற்றில் உலர்ந்து பதப்பட்டன. இங்கே நிலவறையிற் காற்றின்றிக் கிடந்தன. மின்விசிறி வைத்துக் காற்று வீசச்செய்த பின்னரே அச்சுவை கிடைத்தது. ஒரு முறையை உள்ளவாறு பெற்றாலும் இடம் மாறும்பொழுது அதன் உயிர்நாடி எது என்று பெற்றவனே தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

பெயருரிமை பெற்றவர் இரு திறத்தார்

தொடக்கத்திற் கிராக் பெயருரிமையைத் தம் கால்ப் விளையாட்டுச் சங்கத்து நண்பர் சிலர்க்கு அளித்தார். அவர்கள் செல்வர், வேறு தொழில் உடையவர், கடையை ஆட்களிடம் ஒப்படைத்து வாரம் ஒருமுறை இலாபத்தை எண்ண வருவோர். அவருட் சிலர் விலையை ஏற்றினர். சிலர் பண்டங்களைக் கூட்டினர். நட்பும் கெட்டது, கடையும் சிறக்கவில்லை.

அவ்வாண்டிலேயே வாக்கீகன் என்னும் ஊரில் வேறு திறத்தார் இருவர் கடை திறந்தனர். கணவர் அச்சு இயந்திரம் ஓட்டுபவர். மனைவியார் வீடு வீடாகச் சென்று வேதப்புத்தகம் விற்பவர். அங்ஙனம் விற்கக் கிராக்கின் அலுவலகத்துக்கு வந்தபொழுதுதான் அவ்வம்மையார் இச்செய்தியை அறிந்தார். வாழ்நாட் சேமிப்பு முழுவதையும் அவர்கள் இதில் இட்டனர். இருவரும் கடையிலேயே நின்றனர். விதித்த முறையை விதித்தவாறே செய்தனர். மக்கள் திரண்டனர். அக்கடையின் வருவாயை அறிந்தோர் பலர், தாமும் உத்தியோகத்தை விட்டுச் சேமிப்பைக் கையிற் கொண்டு கிராக்கை நாடி வந்தனர். பெயருரிமை வாணிகம் வேரூன்றியது இத்தகைய சிறு முதலாளிகளால் என்பதே உண்மை.

இவர்கள்பாற் கிராக் ஒழுகிய முறையைப் பாராட்டாமல் இருத்தல் இயலாது. அந்நாளிற் பெயருரிமை விற்ற நிலையத்தார் பலர், தொடக்கத்திற் பெருந்தொகை வாங்கியும், இயந்திரங்களையும் சரக்குகளையும் கூடிய விலைக்குத் தம்மிடமே வாங்குமாறு கட்டாயப்படுத்தியும் பொருள் சேர்த்தனர். பெற்றவன் கடை மூடினாலும் அவர்கட்கு நட்டமில்லை. கிராக் இதனை மறுத்தார். சரக்கு விற்போரிடம் மறைமுகப் பணம் பெறவும் இசையவில்லை. குறைந்த விலையிற் கிடைத்த நன்மை கடை நடத்துவோர்க்கே சேருமாறு செய்தார். மாகாணம் முழுமைக்கும் உரிமை விற்காமல் ஒவ்வொரு கடையாகவே வழங்கினார். கடையிற் விற்பனை இருந்தால் மட்டுமே அவருக்கு வருவாய். வாக்கீகனார் போன்றோர் செழித்த அவ்வாண்டுகளிற் பெயர் வழங்கிய அவரோ, இந்நிலையத்தினின்று சம்பளம் பெறாமல் மல்டிமிக்சர் வருவாயிலேயே காலங்கழித்தார்.

நிலத்தின் ஆட்சி

1.4 பங்கைக் கொண்டு நிலையம் நிலைத்தல் அரிது என்பது விரைவில் தெளிவாயிற்று. அப்பொழுது ஹாரி சோனபார்ன் என்னும் துணைவர் ஒரு வழி கண்டார். அதன்படி 1956ஆம் ஆண்டில் நில நிர்வாகத்திற்குத் தனி நிலையம் ஒன்று ஏற்பட்டது. அந்நிலையம் தக்க இடங்களைக் குத்தகைக்கு எடுத்து, பின்னர் விலைக்கும் வாங்கி, கடை நடத்துவோர்க்கு மேல்வாடகைக்கு விடும். குறித்ததொரு வாடகை, விற்பனையில் ஒரு பங்கு ஆகிய இவ்விரண்டுள் எது மிகுதியோ அதனைக் கடைக்காரர் செலுத்துதல் வேண்டும். இதனால் நிலையம் செழித்தது. கடன் கொடுப்போரும் முன்வந்தனர்.

இதன் மறுபுறத்தையும் காண்போம். இம்முறையாற் கடைக்காரர் தம் கடையிலேயே குடிக்கூலியாளர் ஆயினார். முறை தவறினால் நிலையத்தார் பெயரை மட்டுமன்றி இடத்தையும் மீட்டுக்கொள்ள வழி பிறந்தது. பிரெட் டர்னர் என்னும் இளைஞர் கடைகளை நேரிற் கண்டு எழுதிய கைந்நூல், இறைச்சியின் எடை, வறுக்கும் நேரம், துடைக்கும் வேளை வரை அனைத்தையும் வகுத்தது. ஒரு பவுண்டு இறைச்சியிற் பத்து ஹாம்பர்கர் என்பது கணக்கு. ஒன்பதும் ஆகாது, பதினொன்றும் ஆகாது. 1961ஆம் ஆண்டில் இம்முறைகளைக் கற்பித்தற்கென்றே ஹாம்பர்கர் பல்கலைக்கழகம் என்னும் பயிற்சிக்கூடம் தொடங்கப்பட்டது. பெயரைக் கேட்டு நகைப்போர் உளர். ஆயினும் எவ்வூரிற் சென்றாலும் அதே சுவையும் தூய்மையும் கிடைத்தமைக்கு அக்கல்வியும் ஒரு காரணமாம்.

ஆயினும் கீழ்ப்படிந்தோர் யாவரும் எண்ணும் ஆற்றலை இழந்தாரிலர். சின்சினாட்டி நகரிற் கடை நடத்திய லூ குரோயன், தம் பகுதியிற் கத்தோலிக்கர் மிகுதியாதலின் வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி விலைபோகாமை கண்டு, மீன் வைத்த ரொட்டியைச் செய்து காட்டினார். கிராக் தமது படைப்பாகிய அன்னாசித் துண்டு வைத்த ரொட்டியே சிறந்தது என்றார். இரண்டும் 1962ஆம் ஆண்டு பெரிய வெள்ளியன்று போட்டிக்கு விடப்பட்டன. மீன் 350 விற்க, அன்னாசி 6 மட்டுமே விற்றது என்று குரோயன் பின்னாளிற் கூறியுள்ளார். தோல்வியைக் கிராக் ஏற்றார், மீன் நிலைபெற்றது. பிக் மேக் என்னும் பெரிய ஹாம்பர்கரும் 1967ஆம் ஆண்டிற் பென்சில்வேனியா மாகாணத்திற் கடை நடத்திய ஜிம் டெலிகாட்டியின் முயற்சியால் வந்ததே. கடைக்காரருடைய அறிவு நாடெங்கும் பயன்பட்டது. எனினும் அதற்கு இசைவு தரும் உரிமை பெயருடையார் கையிலேயே இருந்தது.

பெயரையே வாங்கியது

உடன்பிறந்தார்க்கும் கிராக்கிற்கும் இடையே மனக்கசப்பு முற்றியது. ஒவ்வொரு மாற்றத்திற்கும் அவர்கள் இசைவை நாடிநிற்றல் அவருக்குப் பொறுக்கவில்லை. 1961ஆம் ஆண்டில் அவர்கள் தம் உரிமை முழுவதற்கும் 27 இலட்சம் டாலர் கேட்டனர். வரி போக ஆளுக்குப் பத்து இலட்சம் எஞ்சவேண்டும் என்பது அவர்கள் கணக்கு. கிராக்கிடம் அத்துணைப் பொருள் இல்லை. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் முதலியவற்றின் முதலீட்டு நிதிகளினின்று கடன் திரட்டப்பட்டு விலை செலுத்தப்பட்டது. அவ்வாண்டிலேயே அவருடைய முதல் மணவாழ்வும் முறிந்தது.

விலை பேசியபொழுது சான் பெர்னார்டினோவிலிருந்த பழைய கடையை மட்டும் உடன்பிறந்தார் தமக்கென வைத்துக்கொண்டனர். இதனாற் கிராக் வெகுண்டார். பெயர் விற்கப்பட்டமையின், மெக்டொனால்ட் குடும்பத்தில் தோன்றிய அவ்விருவரும் தம் கடையின் முகப்பிலிருந்து தம் பெயரையே இறக்கி, பிக் எம் என்று வேறு பெயர் எழுதவேண்டியவராயினர். கிராக் அதன் அருகிலேயே மெக்டொனால்ட் கடை ஒன்றைத் திறந்தார். சில ஆண்டுகளிற் பழைய கடை மூடப்பட்டது.

கிராக்கின் வாழ்க்கையில் நாம் மனமொப்பிப் போற்றற்கு இயலாத செயல் இஃதேயாகும். தமக்கு வழிகாட்டியவர்களை வாணிகத்தில் வெல்லுதல் ஒன்று; வயது முதிர்ந்த அவர்கள் வைத்திருந்த ஒரு கடையையும் வாழவிடாமை மற்றொன்று. பின்னர் அவர் தம்மையே நிறுவியவர் என்று கூறிக்கொள்ள, நிலையமும் டெஸ் பிளெயின்ஸ் கடையிலிருந்தே தன் ஆண்டைக் கணக்கிட்டு வந்தது. நடுநிலை தவறாமல் மற்றொன்றும் கூறுதல் வேண்டும். உடன்பிறந்தார் கேட்ட விலையைப் பெற்றனர். அலைச்சலற்ற வாழ்வையே அவர்கள் நாடினர். மாரிஸ் 1971ஆம் ஆண்டிலும் ரிச்சர்டு 1998ஆம் ஆண்டிலும் இறந்தனர். விற்றதற்குத் தாம் வருந்தவில்லை என்று ரிச்சர்டு முதுமையிற் கூறியுள்ளார்.

இறுதி நாட்கள்

1965ஆம் ஆண்டில் நிலையத்தின் பங்குகள் பொதுமக்களுக்கு 22.50 டாலர் விலையில் விற்கப்பட்டன. கிராக் பெருஞ்செல்வர் ஆயினார். 1972ஆம் ஆண்டிற் குடியரசுத் தலைவர் நிக்சனுடைய தேர்தல் நிதிக்கு 2,50,000 டாலர் அளித்தார். இளவயதுத் தொழிலாளர்க்குக் குறைந்த கூலி கொடுக்க இடந்தரும் மசோதா அக்காலத்தில் எழுந்தமையின், இரண்டனையும் இணைத்துப் பலர் பழித்தனர். அவர் அதனை மறுத்தார். 1974ஆம் ஆண்டில் சான் டியேகோ நகரத்துப் பேஸ்பால் அணியை விலைக்கு வாங்கினார். தம் அணி பிழைபட ஆடியதைப் பொறாது, ஆட்டத்தின் நடுவே ஒலிபெருக்கியைக் கைக்கொண்டு பார்த்திருந்தோரிடம் மன்னிப்பு வேண்டினார். குப்பை பொறுக்கிய குணம் செல்வம் வந்தபின்னும் மாறாமையை இது காட்டுகின்றது.

1984ஆம் ஆண்டு சனவரி மாதம் 14ஆம் நாள், தமது 81ஆம் வயதில், சான் டியேகோவில் அவர் இறந்தார். அப்பொழுது அந்நிலையத்தின் கடைகள் ஏறத்தாழ 7,500. 2003ஆம் ஆண்டிற் காலமான அவர் துணைவியார் ஜோன் கிராக், 150 கோடி டாலருக்கு மேற்பட்ட தொகையை இரட்சணிய சேனைக்கு எழுதிவைத்தார்.

எண்ணித் துணிவார்க்கு

இவ்வரலாற்றினின்று, பெயருரிமை பெற்று உணவுச்சாலை திறக்கக் கருதுவோர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளத் தக்க வினாக்கள் நான்கு புலனாகின்றன.

பெயர் வழங்குவோர்க்கு வருவாய் எதிலிருந்து வருகின்றது என்பது முதலாவது. நம் விற்பனையிலிருந்து வருமாயின் நம் வாழ்வில் அவர்க்கும் அக்கறை இருக்கும். தொடக்கப் பணத்திலிருந்தும் நமக்கு விற்கும் சரக்கிலிருந்தும் வருமாயின், நாம் கெட்டாலும் அவர் கெடார்.

நாமே கடையில் நிற்க இயலுமா என்பது இரண்டாவது. கால்ப் விளையாடிய செல்வரையும் வாக்கீகன் தம்பதியரையும் ஒப்புநோக்குவோர்க்கு இதன் விடை விளங்கும்.

இடம் யாருடையது, காலம் எத்துணை என்பது மூன்றாவது. உடன்படிக்கைக்கு முடிவு நாள் ஒன்று உண்டு. அந்நாளிற் பெயர் நம்முடையதன்று. இடமும் நம்முடையதாக இராவிடின், இருபது ஆண்டு உழைத்த பின்னரும் வெறுங்கையோடு வாயிலில் நிற்க நேரலாம். வாய்ச்சொல்லால் தந்த இசைவு எழுத்தில் இல்லையேல் இல்லை என்பதனையும் இங்கே சேர்த்து எண்ணுக.

நான்காவது, பிறர் வகுத்த முறைக்கு நாடோறும் கீழ்ப்படிய நம் மனம் இசையுமா என்பது. தனக்கெனக் கைத்திறனும் புதியன செய்யும் வேட்கையும் உடையவன், பிறர் பெயரின் கீழ் நின்றால் விரைவில் மனம் புழுங்குவான். கிராக்கே ஏழாண்டிற்குமேற் பொறுத்தாரிலர். அத்தகையோன் சிறிய அளவிலேனும் தன் பெயரிற் கடை திறத்தலே நன்று என்பது நம் கருத்து. முறைப்படி உழைப்பதில் மகிழ்பவனும், தொழிலின் நுட்பத்தைத் தானே கண்டறியும் வாய்ப்பு இல்லாதவனும், முன்னைய மூன்று வினாவிற்கும் நல்ல விடை கிடைக்குமாயின், பெயருரிமை பெறுவதிற் பிழையில்லை.

இவை கையொப்பமிடுமுன் எண்ணற்பாலன. பெயர் விற்ற உடன்பிறந்தார் தம் கடையின் முகப்பிலிருந்து தம் பெயரை இறக்கிய காட்சியை ஒருமுறை மனக்கண்ணாற் கண்டு, பின்னர் எழுதுகோலைக் கையில் எடுப்பாராக.